யாருடைய காய்ச்சல்?

1890இல் பெர்லினில் ராபர்ட் கோக் தன் புஜத்தில் தானே ஓர் ஊசியைப் போட்டுக்கொண்டார். காசநோய்க் கிருமியை அவர் உலகுக்குக் காட்டி எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கிருமியைக் காட்டியவர் மருந்தையும் காட்டுவார் என்று ஐரோப்பா காத்துக்கிடந்தது. ஊசிக்குள் இருந்தது, வளர்ப்புக் கிருமிகளிலிருந்து கிளிசரினில் வடித்த சாறு. பிற்பாடு அதற்கு டியூபர்குலின் என்று பெயர் வந்தது. மூன்று நான்கு மணி நேரத்தில் கைகால் குடைச்சல், அசதி, இருமத் தூண்டும் உறுத்தல், மூச்சு முட்டல். ஐந்தாவது மணியில் தொடங்கிய நடுக்கம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓயவில்லை. குமட்டல், வாந்தி. உடல் வெப்பம் 39.6 டிகிரி செல்சியஸ். தன் உடம்பில் நடந்ததை அவரே எழுதி வெளியிட்டார்.

அவர் ஏற்றிக்கொண்டது கால் மில்லி. அதில் இருபத்தைந்தில் ஒரு பங்கு ஏற்றினால் நோயில்லாதவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. காசநோயாளிகளுக்கோ அந்தத் துளியே காய்ச்சலைக் கொளுத்திவிட்டது. மருந்தாக அது தோற்றது, சிலரைக் கொன்றும் விட்டது. அந்த நாட்களில் பெர்லினுக்கு ஓடிவந்து பார்த்த ஒரு பிரிட்டிஷ் மருத்துவர், இந்தச் சாறு கிருமியைத் தொடுவதேயில்லை, கிருமி தங்கிய திசுவைத்தான் தாக்குகிறது என்று ஊர் திரும்பும் முன்பே எச்சரித்தார். ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில்தான் அவர். துப்பறியும் கண் கதைக்கு மட்டும் பயன்பட்டதில்லை போலிருக்கிறது.

இந்தத் தோல்வியை மருத்துவ வரலாற்றுப் புத்தகங்கள் ஒரு பெரிய மனிதரின் சறுக்கலாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். எனக்கு அது வேறு காரணத்துக்காக மறக்கவில்லை. அந்த ஊசியில் உயிருள்ள கிருமி எதுவும் இல்லை. நுரையீரலை அரிக்கவோ பெருகவோ அதற்குள் ஆள் கிடையாது. ஆனாலும் காய்ச்சல் வந்தது, அசதி வந்தது, நடுக்கம் வந்தது. அப்படியானால் அந்தக் காய்ச்சல் யாருடையது?

காலராவிடம் இந்தக் கேள்விக்கு இடமில்லை. காலராக் கிருமி ஒரு நஞ்சைச் சுரக்கிறது, அந்த நஞ்சு குடலின் நீரையெல்லாம் வெளியே கொட்டவைக்கிறது. தொண்டை அடைப்பானின் நஞ்சு இதயத்தைத் தாக்குகிறது. ரண ஜன்னியின் நஞ்சு தசைகளை இறுக்கி வில்லாக வளைக்கிறது. குற்றவாளியும் ஆயுதமும் ஒரே இடத்தில் பிடிபடுகின்றன. காசநோய்க் கிருமியிடம் அப்படிப் பேர்போன ஆயுதம் எதுவும் இல்லை. செல்களைக் கொல்லும் சில புரதங்கள் அதனிடமும் உண்டு என்று அண்மையில் கண்டிருக்கிறார்கள்; ஆனால் மாதக்கணக்கில் ஒருவர் உருகுவதற்கு அவை போதிய விளக்கம் ஆகா. வேகமும் இல்லாத கிருமி அது. நம் குடலில் வாழும் ஈ. கோலை நல்ல சூழலில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகிறது. காசநோய்க் கிருமிக்கு அதற்கு ஏறத்தாழ ஒரு முழு நாள் வேண்டும். உலக மக்களில் நான்கில் ஒருவர் உடம்பில் அது எப்போதாவது நுழைந்திருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. அவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர்தான் வாழ்நாளில் நோயாளி ஆகிறார்கள். மற்றவர்கள் இருமுவதில்லை, இளைப்பதில்லை. பஸ்ஸில் நம் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறார்கள். நாமாகவும் இருக்கலாம்.

கிருமி உள்ளே நுழைந்த முதல் சில வாரங்கள்தான் இதில் விசித்திரமானவை. இருமலில் தெறித்த நுண்துளி காற்றில் மிதந்து, நுரையீரலின் கடைக்கோடியில் உள்ள காற்றுப் பைக்குள் போய் இறங்குகிறது. அங்கே காவலுக்கு இருக்கும் விழுங்கு செல் கிருமியைக் கண்டதும் தன்னுள் இழுத்துக்கொள்கிறது. சாதாரணக் கிருமியென்றால் கதை அதோடு முடியும். விழுங்கியதைச் செரிக்க அமிலமும் நொதிகளும் நிறைந்த பை ஒன்று அந்தச் செல்லுக்குள் இருக்கிறது. காசநோய்க் கிருமியோ மெழுகுபோன்ற கொழுப்பால் ஆன தடித்த மேலுறை போர்த்தியது. அந்தச் செரிமானப் பை தன்னோடு வந்து கலக்காதபடி தடுத்துவிடுகிறது. விழுங்கியவன் வயிற்றிலேயே குடித்தனம் நடத்திப் பெருகுகிறது. இரண்டு முதல் எட்டு வாரங்கள்வரை, டி செல்கள் என்னும் பயிற்சி பெற்ற படை வந்து சேரும்வரை, அதைக் கேட்பாரில்லை.

அந்த வாரங்களில் அந்த மனிதர் எப்படி இருக்கிறார்? நன்றாக இருக்கிறார். சாப்பிடுகிறார், தூங்குகிறார், வேலைக்குப் போகிறார். கிருமி தடையில்லாமல் பெருகும் காலத்தில் உடம்பு ஒரு முனகல்கூட முனகுவதில்லை. அறிகுறி என்று நாம் சொல்லும் எல்லாமே உடம்பு விழித்துக்கொண்ட பிறகு வருபவை.

விழித்த உடம்பு முதலில் செய்வது வளைத்துக் கட்டுவது. கிருமி தங்கிய செல்களைச் சுற்றிப் புதிய விழுங்கு செல்கள், அவற்றைச் சுற்றி டி செல்கள், வெளியே நார்த்திசு என்று அடுக்கடுக்காக ஒரு முடிச்சு எழும்புகிறது. மருத்துவர்கள் கிரானுலோமா என்பார்கள். பெரும்பாலானோருக்கு விவகாரம் இங்கேயே தீர்ந்துவிடுகிறது. வருடங்கள் கழித்து வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் சுண்ணாம்பு ஏறிய ஒரு புள்ளியாக அது தெரியும், “பழசு, பயப்பட வேண்டாம்” என்று டாக்டர் சொல்லி அனுப்புவார்.

சிலருக்குத்தான் அது அடங்குவதில்லை. வறுமை, சர்க்கரை நோய், குடி, புகை, எச்.ஐ.வி., முதுமை என்று காரணங்கள் பல. காரணமே தெரியாமலும் நடக்கிறது. முற்றுகை நீடிக்கும்போது எதிர்ப்பு செல்கள் ஒன்றையொன்று அழைக்கச் சுரக்கும் வேதிப்பொருள்கள் ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் போகின்றன. மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்னும் சிறிய பகுதியில் உடலின் வெப்ப அளவு குறித்துவைக்கப்பட்டிருக்கிறது. இந்தச் செய்தி கிடைத்ததும் அது தன் குறியை உயர்த்திக்கொள்கிறது. காய்ச்சல் அதுதான். நோயாளி சொல்வார்: “பகல்ல ஒண்ணும் தெரியல சார், சாயங்காலம் ஆனா உடம்பு கணகணன்னு வந்துடுது.” கிருமிக்குச் சாயங்காலம் ஏது? நலமாக இருப்பவருக்கும் உடல் வெப்பம் பிற்பகலுக்கு மேல்தான் உச்சம் தொடும். வீக்கத்தை அடக்கிவைக்கும் கார்ட்டிசால் காலையில் மிகுந்து அந்தியில் குறையும். காய்ச்சல் அந்த அன்றாட ஏற்றத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. நள்ளிரவுக்கு மேல் மூளை குறியைக் கீழே இறக்கும்போது, சேர்ந்துவிட்ட சூட்டை வெளியேற்ற ஒரே வழி வியர்ப்பது. தலையணை நனைகிறது, பனியன் பிழியும்படி ஆகிறது. மாலைக் காய்ச்சலுக்கும் இரவு வியர்வைக்கும் மருத்துவர்கள் தரும் விளக்கம் இது. இரண்டும் உடம்பின் கடிகாரத்தில் நடப்பவை.

இளைப்பின் கதை இதைவிட ஆழமானது, என்னைப் பொறுத்தவரை இந்த நோயின் உயிர்நாடியே அங்கேதான் இருக்கிறது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஆந்தனி செராமியும் அவருடைய குழுவினரும், நோய்த்தொற்று கண்ட விலங்குகள் ஏன் எலும்பும் தோலுமாக ஆகின்றன என்று தேடினார்கள். உடம்பே சுரக்கும் ஒரு பொருள் கொழுப்பைக் கரைப்பதைக் கண்டு, மெலியவைப்பது என்ற பொருளில் அதற்குக் கேக்கெக்டின் என்று பெயரிட்டார்கள். வேறு ஆய்வகங்களில், எலிகளின் புற்றுக்கட்டிகளைக் கொல்லும் இன்னொரு பொருளை டி.என்.எஃப். என்ற பெயரில் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். 1985இல் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது இரண்டும் ஒன்றே என்று தெரிந்தது.

காசநோயில் டி.என்.எஃப். பசியைக் கெடுக்கிறது, காய்ச்சலைத் தூண்டுகிறது, தசையையும் கொழுப்பையும் கரைக்கிறது. இரக்கமில்லாத பொருள். சரி, அதை அடக்கிவிட்டால் என்ன? அந்தச் சோதனை, யாரும் திட்டமிடாமலே, மனிதர்களிடம் நடந்தது. முடக்குவாதத்துக்காக டி.என்.எஃப்.ஐக் கட்டிப்போடும் மருந்துகள் 1990களின் இறுதியில் சந்தைக்கு வந்தன. மூட்டு வலி குறைந்து எழுந்து நடந்தவர்கள் மகிழ்ந்தார்கள். அவர்களில் சிலருக்குக் காசநோய் வந்தது. 2001இல் வெளியான ஓர் ஆய்வறிக்கை, இன்ஃப்ளிக்ஸிமேப் என்ற மருந்து எடுத்தவர்களில் அப்படி 70 பேரைக் கணக்கில் கொண்டுவந்தது. பலருக்கு நோய் நுரையீரலோடு நிற்காமல் உடம்பெங்கும் பரவியிருந்தது. பல வருடங்களாகச் சத்தமில்லாமல் இருந்த முடிச்சுகள் அவிழ்ந்துவிட்டிருந்தன. அந்த முடிச்சைக் கட்டிக்காத்தது டி.என்.எஃப். ஆளை உருக்கும் அதே பொருள்.

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினாற்போல என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. காசநோயில் உடம்பு செய்வதைக் கேட்டதும் அதைச் சொல்லத் தோன்றும். ஆனால் பழமொழியில் கொளுத்தியவன் முட்டாள்; வீட்டைக் கொளுத்தாமல் விட்டிருந்தால் பூச்சிக்கடியோடு போயிருக்கும். இங்கே கொளுத்த மறுக்கும் வீடு முழுசாகப் போய்விடுகிறது. கொஞ்சம் எரியவிட்டே மிச்சத்தைக் காப்பாற்ற வேண்டிய வீடு இது.

கிருமி இந்தத் தீயில் குளிர்காயக் கற்றுக்கொண்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். முடிச்சின் நடுப்பகுதி செத்துப் பாலாடைக்கட்டிபோல் ஆகிறது. அதுவரை பரவாயில்லை, அந்தக் கட்டிக்குள் கிருமி பெரும்பாலும் சோர்ந்து கிடக்கிறது. எதிர்ப்பு செல்களின் நொதிகள் நுரையீரலின் நார்த்திசுவையே கரைக்கத் தொடங்கும்போதுதான் ஆபத்து. கட்டி இளகி, பக்கத்து மூச்சுக்குழாயை உடைத்துக்கொண்டு ஒழுகி, குழி விழுகிறது. அந்தக் குழியில் காற்று கிடைக்கிறது, கிருமி கோடிக்கணக்கில் பெருகுகிறது, வெளியே போக வழியும் திறந்திருக்கிறது. குழியின் சுவரில் ஓடும் ரத்தநாளம் அரிக்கப்பட்டு மெலிந்து புடைத்து வெடித்தால் வாயில் ரத்தம் கொப்பளிக்கும். அந்தப் புடைப்பை 19ஆம் நூற்றாண்டில் விவரித்த டென்மார்க் மருத்துவர் ராஸ்முசனின் பெயரை இன்றும் அது தாங்கி நிற்கிறது. பழைய சினிமாவில் கதாநாயகன் கைக்குட்டையில் தெரியும் சிவப்புக்குப் பின்னால் நடப்பது இவ்வளவும்.

எச்.ஐ.வி. முற்றி எதிர்ப்பாற்றல் வெகுவாகக் குறைந்தவர்களுக்கு இந்தக் குழி அரிதாகவே விழுகிறது. கிருமி அவர்கள் உடம்பில் குறைவு என்பதால் அல்ல, கூடுதலாகவே இருக்கும். குழி பறிக்க ஆள் இல்லை. சளியில் தேடினால் கிருமி அகப்படாமல் போவதும் உண்டு. அதாவது அடுத்த மனிதரைத் தேடிப் போகக் கிருமிக்கு ஒரு வாசல் வேண்டும், அந்த வாசலைத் திறந்துவிடுவது நம் எதிர்ப்புப் படையே. 2010இல் உலகின் பல பகுதிகளிலிருந்து திரட்டிய கிருமிகளின் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று இதை வேறு பக்கமிருந்து காட்டியது. மற்றக் கிருமிகள் பல, நம் எதிர்ப்பு செல்கள் அடையாளம் காணும் பகுதிகளைத்தான் அடிக்கடி மாற்றி வேஷம் கட்டும். காசநோய்க் கிருமி அந்தப் பகுதிகளை ஏறக்குறைய மாற்றாமலே வைத்திருக்கிறது. தன்னை அடையாளம் காண வேண்டும் என்றே அது விரும்புகிறதோ என்று ஆய்வாளர்களுக்குத் தோன்றியது. நம் கோபம் அதற்குத் தேவைப்படுகிறது.

இருமலிலும் அதன் கை உண்டு. காற்றுக்குழாயில் சேரும் சளியையும் சிதைவையும் வெளியேற்ற உடம்பு இருமுகிறது என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள், அதுவும் உண்மை. ஆனால் 2020இல் அமெரிக்காவின் டல்லஸ் நகர ஆய்வகத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. கிருமியின் மேலுறையில் உள்ள ஒரு கொழுப்பு வலியுணர் நரம்புகளை நேராகத் தூண்டி இருமவைக்கிறது. அந்தக் கொழுப்பைத் தயாரிக்க முடியாத கிருமி தொற்றிய கினிப்பன்றிகள் அவ்வளவாக இருமவில்லை. எல்லாப் பழியையும் உடம்பின்மீது போட்டுவிட்டு எழுந்துவிடலாம் என்று பார்த்தால், இந்த ஒன்று மட்டும் குறுக்கே நிற்கிறது. நிற்கட்டும். பாதி நம் இருமல், பாதி அதன் இருமல்.

மற்றபடி சாட்சியங்கள் உடம்பின் பக்கமே சாய்கின்றன. எச்.ஐ.வி. உள்ளவருக்குக் காசநோயும் இருந்து, எச்.ஐ.வி. மருந்து தொடங்கியதும் சில வாரங்களில் நிலைமை மோசமாகிவிடுவது உண்டு: காய்ச்சல் ஏறும், கழுத்துக் கட்டிகள் வீங்கும். மருந்து தோற்கவில்லை. தூங்கிக்கிடந்த படை கண்விழித்து, இத்தனை நாள் பார்க்காத எதிரியைப் பார்த்துவிட்டது. மூளையுறையைத் தாக்கும் காசநோயில் கிருமிக்கொல்லி மருந்தோடு ஸ்டீராய்டும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஸ்டீராய்டு கிருமியை ஒன்றும் செய்யாது, எதிர்ப்பின் ஆவேசத்தைத் தணிக்கும். மண்டையோட்டுக்குள் வீங்க இடமில்லை. தணித்தால் உயிர் தப்புபவர்கள் கூடுகிறார்கள். 2004இல் வியட்நாமில் நடந்த ஆய்வு இதை உறுதிப்படுத்தியது.

காய்ச்சல், வியர்வை, இளைப்பு, பசியின்மை: இவை காசநோய்க்கு மட்டும் சொந்தமில்லாமல் இருப்பதும் இதனால்தான். நிணநீர்ப் புற்றிலும் இதே இரவு வியர்வை, இதே எடைக் குறைவு. ஈரலில் சீழ்க்கட்டி வந்தாலும் இப்படியே. எத்தனை வகை எதிரி வந்தாலும் உடம்பிடம் இருக்கும் பதில்கள் கைவிரல்களில் எண்ணக்கூடியவை. இதனால் வரும் குழப்பத்தில் சிக்கியவர் கணிதமேதை ராமானுஜன். 1917இல் கேம்பிரிட்ஜில் நோயுற்ற அவரைப் பார்த்த மருத்துவர்கள் ஒவ்வொரு விதமாகச் சொல்லி, கடைசியில் காசநோய் என்று பெரும்பாலும் ஒப்புக்கொண்டார்கள். சாமர்செட்டின் மெண்டிப் மலைச் சானட்டோரியத்தில் அவருக்கு வைத்தியம் பார்த்தவர் சௌரி முத்து என்ற தமிழ் மருத்துவர். அவரே பிற்பாடு 1928இல் தாம்பரத்தில் ஒரு சானட்டோரியத்தை நிறுவினார், ரயில் நிலையத்தின் பெயரில் அது இன்னும் இருக்கிறது. ராமானுஜனுக்குக் காசநோய்தானா என்ற சந்தேகம் 1994இல் வலுத்தது. மருத்துவரான டி. ஏ. பி. யங் பழைய குறிப்புகளைப் புரட்டி, அது ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்று வாதிட்டார். மருத்துவர்கள் மதியீனர்கள் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு நோயிலும் உடம்பு ஒரே பாஷையைத்தான் பேசுகிறது. எழுத்தாளர் புதுமைப்பித்தன் விஷயத்தில் இந்தக் குழப்பம் இல்லை. 1948இல் அவரைக் கொண்டுபோனது காசநோய்தான்.

ராமானுஜன் 1920இல் சேத்துப்பட்டில் இறந்தார், வயது 32. அதே சேத்துப்பட்டில் 1956இல் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கியது. ஊர் தற்செயல், அங்கே கண்டது தற்செயலில்லை. அதுவரை காசநோய் என்றால் சானட்டோரியம், நல்ல காற்று, பால், முட்டை, படுக்கை ஓய்வு. இந்த மையம் 193 நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்குச் சானட்டோரியத்தில் சிகிச்சை. இன்னொரு பிரிவுக்கு, சென்னையின் நெருக்கடியான குடிசைகளிலும் ஒற்றை அறை வீடுகளிலும், அதே மாத்திரைகள். வீட்டில் இருந்தவர்கள் குறைவாகவே சாப்பிட்டார்கள், எழுந்து வேலையும் செய்தார்கள். ஒரு வருட முடிவில் கிருமி ஒழிந்ததில் இரு பிரிவுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. 1959இல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் சானட்டோரியங்களை மூடவைத்தது.

மருந்து கிருமியைக் கொல்லும், நோயாளி என்ன சாப்பிட்டாலும். இதை உணவு முக்கியமே இல்லை என்று படித்துக்கொண்டவர்களும் உண்டு, அங்கேதான் பிசகு. கிருமி சாவதும் ஆள் பிழைப்பதும் இரண்டு கணக்குகள். காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் உடம்பின் ஆற்றல் செலவு பத்து சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. அந்த நேரத்தில்தான் பசி அற்றுப்போகிறது. சாப்பிட்ட புரதமும் தசையாக ஒட்டாமல் எரிந்துபோகிறது. சட்டை தொளதொளவென்று ஆவதைக் கிருமி தின்கிறது என்று நாம் நினைக்கிறோம். கிருமி தின்பது கொஞ்சம். மிச்சமெல்லாம் சண்டைச் செலவு. உயிரோடு இருப்பதற்காக உடம்பு கட்டும் விலையையே நாம் நோய் என்று எண்ணி அஞ்சுகிறோம். அந்த விலையை எங்கிருந்து எடுத்துக் கட்டுவது என்ற கேள்வி, சேமிப்பு இருக்கும் உடம்புக்கு எழுவதில்லை. நாற்பது கிலோ உடம்போடு நோய்க்குள் நுழையும் கூலித் தொழிலாளிக்கு எழுகிறது.

விலை கட்டுகிற சத்தம் கேட்கவில்லை என்பதால் எதிரி இல்லை என்றும் ஆகிவிடாது. இந்தியாவில் 2019 முதல் 2021வரை வீடு வீடாக நடத்திய கணக்கெடுப்பில், மார்பு எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறியை மட்டும் விசாரித்திருந்தால் கண்டறிந்த நோயாளிகளில் 42.6 சதவீதத்தினர் தப்பிப்போயிருப்பார்கள். “ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருக்காம்மா?” என்று களப்பணியாளர் கேட்டால் “அதெல்லாம் இல்ல தம்பி” என்று உண்மையாகவே சொல்லக்கூடியவர்கள். இருக்கிறது என்று சொல்ல வேண்டியவர்களில் பெரும்பாலோரும் சூட்டு இருமல், புகை இருமல் என்று விட்டுவிட்டு மருத்துவமனைப் பக்கம் போகாதவர்களே. அறிகுறி உள்ளவர்களில் 64 சதவீதத்தினர் சிகிச்சை தேடவில்லை என்று அதே கணக்கெடுப்பு சொல்கிறது. சிகிச்சை தொடங்கிய பின்னும் இதே கதைதான் தலைகீழாக நடக்கிறது. ரிஃபாம்பிசின் மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகிப் பயமுறுத்தும் முதல் சில வாரங்களிலேயே காய்ச்சல் நிற்கிறது, பசி எடுக்கிறது. கிருமி வெகுவாகக் குறைந்ததும் உடம்பு படையைத் திருப்பி அழைக்கிறது. ஒளிந்திருக்கும் மிச்சக் கிருமிகள் சாக இன்னும் மாதங்கள் இருக்கின்றன. “நல்லாத்தான் இருக்கேன், எதுக்கு மாத்திரை?” என்று கேட்பவர் பொய் சொல்லவில்லை. தன் உடம்பு சொன்னதைச் சொல்கிறார். ஆறு மாதம் என்பது கிருமியின் கணக்கு, அவர் உடம்பின் கணக்கு அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு ஒன்று விலையின் பக்கத்தைத் தொட்டது. நோயாளிகளின் வீட்டாருக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். வீட்டில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. சளிப் பரிசோதனையில் உறுதியான நோயை மட்டும் எடுத்துக்கொண்டால் 48 சதவீதம். நோயாளிகளிடையே, முதல் இரண்டு மாதத்தில் எடை ஐந்து சதவீதம் கூடியவர்களின் இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. புது மருந்து எதுவும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. 2024இல் நோயாளிக்கான மத்திய அரசின் உணவு உதவித்தொகை மாதம் 500 ரூபாயிலிருந்து 1000 ரூபாயாக உயர்ந்ததற்கு இப்படிப்பட்ட எண்கள் துணை நின்றிருக்க வேண்டும். ஆயிரம் ரூபாய்க்கு இன்று எவ்வளவு பருப்பு வாங்கலாம் என்பதை மளிகைக் கடைக்குப் போய்வருகிறவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் 2022 முதல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்று ஒன்று நடக்கிறது. சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களில்தான், அதாவது மருந்து கிருமியைக் கொன்றுகொண்டிருக்கும்போதே, இறப்புகளில் பெரும்பகுதி நிகழ்கிறது என்பதிலிருந்து பிறந்தது அது. நோய் உறுதியான அன்றே, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, பெரிய கருவிகள் எதுவும் இல்லாமல் செவிலியர் சில விஷயங்களைப் பார்க்கிறார். எடையையும் உயரத்தையும் அளந்து, உயரத்துக்கு எடை எவ்வளவு மோசமாகக் குறைந்திருக்கிறது என்று கணக்கிடுகிறார். கால் வீங்கியிருக்கிறதா என்று அழுத்திப் பார்க்கிறார். மூச்சு நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணுகிறார், விரல் நுனியில் கருவியை மாட்டி ஆக்ஸிஜன் அளவைப் படிக்கிறார். கடைசியில், “எதையும் பிடிக்காம எழுந்து நில்லுங்க பார்க்கலாம்” என்கிறார். நிற்க முடியாதவருக்கு அன்றே மருத்துவமனையில் படுக்கை.